கூட்டம் வேறு, ஓட்டு வேறு: அமெரிக்க பிரைமரி எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜனவரி 27. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர மன்றத்தின் எதிரில் 20 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். சென்னையில் பிறந்த ஷ்யாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கான பிரசாரத்தை அங்கேதான் தொடங்கினார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள், போட்டியில் அவர்தான் முன்னால் நிற்கிறார் என்று நினைத்ததில் வியப்பில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அவர் விலகிவிட்டார். முதல் மாநிலமான அயோவாவில் ஓட்டு விழ அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதாவது, அந்த வருடக் கூட்டத்துக்கும் உற்சாகத்துக்கும் கணக்குக் காட்ட ஒரு ஓட்டுகூட இல்லை.

கூடுகிற கூட்டமெல்லாம் ஓட்டாகாது என்று நம் ஊரில் டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்க பிரைமரி என்று வந்தால், அதாவது ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அந்த உட்கட்சித் தேர்தல் என்று வந்தால், இந்தப் பாடம் மறந்துபோகிறது. "வாக்குப்பதிவு குறைந்துவிட்டது, மக்களுக்கு இவர்மேல் உற்சாகம் இல்லை", "ரெக்கார்ட் வாக்குப்பதிவு, நவம்பர் அதிபர் தேர்தலில் இந்தக் கட்சிதான்" என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதே வரிகள் வரும். பல வருடங்களாக இந்த எண்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பிரைமரி வாக்குப்பதிவு முதலில் சொல்வது விதிகளைப் பற்றி. அடுத்து, போட்டி எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பற்றி. மக்களின் மனநிலை இவை இரண்டுக்கும் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், வர முடியாதவர்களை வர விரும்பாதவர்கள் என்று சொல்லிவிடுவோம். என்னை உறுத்துவது அதுதான்.

காக்கஸையும் பிரைமரியையும் ஒரே தராசில் வைப்பது

எல்லா மாநிலங்களிலும் ஒரே முறை இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரி. சாதாரணத் தேர்தல் மாதிரி காலையிலிருந்து இரவு வரை எப்போது வேண்டுமானாலும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். பல இடங்களில் தபாலிலும் அனுப்பலாம். சில மாநிலங்களில் நடக்கும் காக்கஸ் அப்படி இல்லை. 2020 வரை அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்திய காக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில், இரவு 7 மணிக்கு, பள்ளிக்கூட ஜிம்மிலோ சர்ச் ஹாலிலோ எல்லோரும் ஒன்றுகூட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் ஹாலில் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து நிற்பார்கள். தலை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத அணி கலைந்து, வேறு மூலைக்குப் போக வேண்டும். போகாதவரைக் கையைப் பிடித்து அழைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க, முதலாளி பார்க்க, எல்லாம் வெளிப்படையாக நடக்கும். முடிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

இரவு ஷிஃப்ட்டில் இருக்கும் ஒரு நர்ஸ் அங்கே எப்படிப் போவார்? கைக்குழந்தையைத் தனியாக வளர்க்கும் அம்மா? அவர்கள் வராததை உற்சாகமின்மை என்று எழுதுவது நியாயமே இல்லை.

2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். மார்ச் 26-ஆம் தேதி ஜனநாயகக் கட்சி காக்கஸ் நடத்தியது. சுமார் 2.3 லட்சம் பேர் வந்தார்கள். பெர்னி சாண்டர்ஸ் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்து ஹிலரி கிளிண்டனைத் தூக்கிச் சாப்பிட்டார். இரண்டே மாதத்தில், மே 24-ஆம் தேதி, அதே மாநிலம் அதே கட்சிக்குத் தபால் ஓட்டில் ஒரு பிரைமரியும் நடத்தியது. அதன் முடிவு கட்சியைக் கட்டுப்படுத்தாது. கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளின் பங்கீடு ஏற்கெனவே காக்கஸ் கணக்கில் முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் 7 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, ஜெயித்தவர் கிளிண்டன். நெப்ராஸ்காவிலும் அதே வருடம் இதே கதை: மார்ச் காக்கஸில் சாண்டர்ஸ், மே பிரைமரியில் கிளிண்டன்.

இரண்டு மாதத்துக்குள் ஒரு மாநிலமே மனம் மாறிவிட்டதா? இல்லை, வாசலின் அகலம்தான் மாறியது. 2020-இல் வாஷிங்டன், மினசோட்டா, கொலராடோ எல்லாம் காக்கஸை விட்டுவிட்டு பிரைமரிக்கு மாறின. அப்போது எகிறிய வாக்குப்பதிவை 2016 காக்கஸோடு ஒப்பிட்டு "உற்சாக அலை" என்று எழுதியவர்கள் செய்ததும் இதே தவறைத்தான்.

யாரை உள்ளே விட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது

சில மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். சிலவற்றில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர் மட்டும்தான். நியூயார்க் இரண்டாவது வகை. 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்குக் கட்சி மாறிப் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கும் முன்னால்! அந்தத் தேதியைக் கவனிக்காமல் விட்டவர்களில் டொனால்ட் ட்ரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் உண்டு. அப்பா போட்டியிட்ட பிரைமரியில் அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. அவர்கள் நிலையே அப்படியென்றால் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிரைமரிக்கு ஆறு நாள் முன்பு மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் சாண்டர்ஸுக்குக் கூடிய கூட்டத்தை அவர் தரப்பு 27 ஆயிரம் என்று கணக்குச் சொன்னது. பூங்கா நிரம்பி, பக்கத்துத் தெருக்களிலும் ஆட்கள் நின்றார்கள். முடிவு வந்தபோது கிளிண்டன் 58, சாண்டர்ஸ் 42. அந்தக் கூட்டம் பொய்யில்லை. ஆனால் அதில் நின்ற எத்தனை பேர் முந்தைய அக்டோபரிலேயே ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்தார்கள் என்று எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர்கள் அன்றைக்கு எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். 2020-இல் அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் சுமார் 3 லட்சம் ஓட்டு விழுந்தது. 2008-இன் சுமார் 2.88 லட்சத்தை அது தாண்டியது. ரெக்கார்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 2008-இல் இரண்டு கட்சியிலும் கடும் போட்டி இருந்தது, நடுவில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். 2020-இல் குடியரசுக் கட்சியில் ட்ரம்புக்குச் சொல்லிக்கொள்ளும்படி போட்டியே இல்லை. ஒரு கடை மூடியிருந்தால் கூட்டம் அடுத்த கடைக்குத்தான் போகும்.

சத்தத்தை எண்ணுவது

2004-இல் அயோவாவில் நடந்த ஜனநாயகக் கட்சியின் காக்கஸை மறக்க முடியாது. வெர்மான்ட்டின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் கருத்துக்கணிப்புகளில் முன்னால் இருந்தார். இணையத்தில் சிறு சிறு தொகையாக நன்கொடை குவிந்தது. நாடெங்கிலுமிருந்து 3,500 தொண்டர்கள் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஜனவரிக் குளிரில் அயோவாவின் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். கதவைத் திறந்த அயோவாக்காரர் கண்ணில் பட்டது வேறு ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞரும் அந்தத் தொப்பியும். ஜனவரி 19 இரவு: ஜான் கெரி 38, ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18. தொண்டர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆரஞ்சுத் தொப்பிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அயோவாவில் ஓட்டே கிடையாது.

உயிரைக் கொடுத்துக் கத்துபவருக்கும் ஒரு ஓட்டுதான். "சரி, இவரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவருக்கும் ஒரு ஓட்டுதான். 2020-இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கூட்டம் சின்னது, பணமும் குறைவு. உற்சாகமே இல்லாத வேட்பாளர் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அப்புறம் பிப்ரவரி 29, தென் கரோலினா. அங்கே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். மூன்று நாள் முன்பு அவர்களின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்திருந்தார். பைடனுக்குக் கிட்டத்தட்ட 49 சதவீதம் கிடைத்தது. மார்ச் 3-ஆம் தேதி ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10 அவருக்கு. பெரிதாகப் பிரசாரமே செய்யாத மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் அதில் அடக்கம்.

அன்று வர்ஜீனியாவில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2016-இல் அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு. 2020-இல் 13 லட்சத்துக்கு மேல். புதியவர்களையும் இளைஞர்களையும் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருவேன் என்பதுதான் சாண்டர்ஸின் வாக்குறுதி. வாக்குப்பதிவு உயர்ந்தது உண்மை. ஆனால் அவருடைய ஓட்டு 3 லட்சத்தை ஒட்டியே நின்றது, பைடன் 7 லட்சத்தைத் தாண்டினார். ஆகவே மொத்த வாக்குப்பதிவு ஏறியதை வைத்து, எந்த வேட்பாளரின் உற்சாகம் அதைக் கொண்டுவந்தது என்று ஊகிக்கக் கூடாது. யாருடைய எண் ஏறியது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

குறைந்த எண்ணுக்கு உடனே காரணம் கற்பிப்பது

2024 ஜனவரி 15, அயோவாவில் குடியரசுக் கட்சியின் காக்கஸ். வந்தவர்கள் சுமார் 1.1 லட்சம் பேர். 2016-இல் 1.87 லட்சம். உடனே "ட்ரம்பின் ஈர்ப்பு வற்றிவிட்டது" என்று சிலர் எழுதினார்கள். அன்று வெப்பநிலை பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே, முந்தைய நாட்களின் பனி இன்னும் சாலையில். போட்டியிலும் உயிர் இல்லை. கருத்துக்கணிப்புகளில் ட்ரம்ப் எட்டாத தூரத்தில் இருந்தார். காக்கஸ் தொடங்கி அரை மணி நேரத்திலேயே, பல ஹால்களில் ஓட்டுப் போட்டு முடிக்கும் முன்பே, அவர் வெற்றி அறிவிக்கப்பட்டது. ஒரு எண்ணுக்குப் பின்னால் மூன்று காரணம் இருக்கும்போது, நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

எண்ணி முடியும் முன்பே "குறைந்துவிட்டது" என்று சொல்வதும் உண்டு. கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளன்று தபாலில் போட்ட ஓட்டும் செல்லும். எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அன்றிரவு எண்ணை வைத்து வாக்குப்பதிவைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

பிரைமரியை வைத்து நவம்பருக்கு ஜோசியம் சொல்வது

1988-இல் ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் சுமார் 2.3 கோடி ஓட்டு, குடியரசுக் கட்சிக்கு சுமார் 1.2 கோடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நவம்பரில் ஜார்ஜ் புஷ் 40 மாநிலங்களில் ஜெயித்து மைக்கேல் டுகாகிஸைத் தோற்கடித்தார். காரணம் சிக்கலானதில்லை. புஷ்ஷுக்கு மார்ச்சிலேயே போட்டி முடிந்துவிட்டது, மற்ற பக்கம் டுகாகிஸும் ஜெஸ்ஸி ஜாக்சனும் ஜூன் வரை மோதினார்கள். 2008-இல் ஒபாமாவும் கிளிண்டனும் அதேபோல ஜூன் வரை மோதி ஓட்டைக் குவித்தபோது நவம்பரிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது.

உட்கட்சி எதிர்ப்பு ஓட்டையும் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். குடியரசுக் கட்சியில் ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி 2024 மார்ச் 6-ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார். ஏப்ரல் 23-ஆம் தேதி பென்சில்வேனியா பிரைமரியில், விலகியவருக்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதுவும் பதிவு செய்த குடியரசுக் கட்சியினர் மட்டும் ஓட்டுப் போடும் பிரைமரியில். இவர்கள் நவம்பரில் ட்ரம்பைக் கைவிடுவார்கள், பென்சில்வேனியா அவருக்குக் கிடைக்காது என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் கோபத்தில் போட்டார்கள், எத்தனை பேர் எப்படியும் நவம்பரில் கட்சிக்கே போடப்போகிறவர்கள் என்று அந்த ஓட்டு எண்ணிக்கை பிரித்துச் சொல்லவில்லை. நவம்பர் 5-ஆம் தேதி பென்சில்வேனியாவை ட்ரம்ப் சுமார் 1.2 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.