கண் மருந்துப் போத்தலில் நாம் விடும் பிழைகள்

கண்ணுக்கு விடும் துளிமருந்துப் போத்தல்கள் பலவற்றில், பொடி எழுத்தில் பென்சல்கோனியம் குளோரைட் என்று இருக்கும். நோயைக் குணமாக்குவது அதுவல்ல. திறந்த போத்தலுக்குள் கிருமி வளராமல் தடுக்கச் சேர்ப்பது. அளவு 0.01 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒன்றிரண்டு கிழமை விடுகிறவர் இதற்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை.

ஆனால் அதை நம்பிப் பழைய போத்தலை வைத்திருக்கக்கூடாது. பிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் போன வருசத்துப் போத்தல் நிற்கும். கேட்டால், "கிடக்கிற மருந்த ஏன் மகன் எறியிற?" என்பார்கள். லேபலில் உள்ள காலாவதித் திகதி திறக்காத போத்தலுக்குத்தான். திறந்தால் பொதுவாக 28 நாள். நுனி இமையில் பட்டால் கிருமி உள்ளே போய்விடும். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதிவிடுங்கள்.

கொன்டாக்ட் லென்ஸ் போட்டபடி விடுவதும் பிழை. மென்மையான லென்ஸ் இந்த இரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழற்றிவிட்டு மருந்தை விடுங்கள். 15 நிமிடம் கழித்துப் போடலாம்.

கண் அழுத்த நோய்க்கு வருசக்கணக்கில் விடுகிறவர்கள் விசயம் வேறு. இந்த இரசாயனம் கண்ணீர்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேற்பரப்பையும் மெல்ல மெல்லப் புண்ணாக்கும். எரிவு, உறுத்தல், மண் விழுந்தது போல ஒரு கரகரப்பு. சம்மாந்துறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் இதை வயல் தூசி என்று விட்டுவிடுவார்கள். அதைவிட மோசம், எரிகிறதென்று மருந்தையே நிறுத்துவது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. கிளினிக்கில் சொல்லி, இந்த இரசாயனம் சேராத மருந்து உண்டா என்று கேளுங்கள். ஒருதரம் மட்டும் பாவிக்கும் குப்பி என்றால் மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம்.

அப்புறம், மிச்சத்தைச் சிங்குக்குள் ஊற்றுவது. மீனுக்கும் பாசிக்கும் மீனுக்கு இரையாகும் சிற்றுயிர்களுக்கும் இந்த இரசாயனம் நஞ்சு, சேற்றில் ஒட்டிக்கொள்ளும். மட்டக்களப்பில் வடிகானில் போவது கடைசியில் வாவிக்குத்தானே? சரி, 5 மில்லிலீட்டர் போத்தல் வாவியைக் கொல்லாது. நிலம் துடைக்கும் கிருமிநாசினிகள் பலவற்றிலும் இதே இரசாயனம் இருக்கிறது; அங்கேதான் வாளி வாளியாகப் போகிறது. சவர்க்காரத் தண்ணீரோடு கலந்தால் அதன் வேலை கெட்டுவிடும். மணக்கவில்லையென்று இன்னும் இரண்டு மூடி ஊற்றுவார்கள். அளவு மிஞ்சினால் மலசலகூடக் குழியில் கழிவை மக்கச்செய்யும் பக்டீரியாவும் செத்துப்போகும்.

மிஞ்சிய கண் மருந்தைத் தேயிலைச் சக்கையில் பிழிந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். வெறும் போத்தலை வளவுக்குள் எரிக்க வேண்டாம்.