காற்றில் ஊளையிட்ட குழாய்: சரிசெய்த அனுபவம்

மாடிக் கைப்பிடியின் இரும்புத் தூண்களில் ஒன்றுக்கு மேல்மூடி இல்லை. காற்று வீசினால் போதும், தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஊளைச் சத்தம்.

தூணின் உயரம் 1 மீட்டர், விட்டம் 5 செ.மீ. அடிப்பக்கம் சிமெண்டில் புதைந்திருப்பதால், இது ஒருமுனை மூடிய குழாய். அதற்குள் உருவாகும் நிலையலையில் (ஓரிடத்திலேயே நின்று அதிரும் அலை) அடியில் கணு (காற்று அசையாத இடம்), வாயில் எதிர்க்கணு (அதிகம் அசையும் இடம்). குழாயின் நீளம் கால் அலைநீளத்துக்குச் சமம். வாய்ப்பக்கம் முனைத்திருத்தமாக (அலை வாயைத் தாண்டிச் சற்று வெளியே நீள்வதற்கான கூடுதல் நீளம்) 1.5 செ.மீ. சேர்த்து, ஒலியின் வேகத்தை நொடிக்கு 347 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸ் வருகிறது. போனில் இருக்கும் சுருதிச் செயலியும் அதையே காட்டியது! காற்று பலமானபோது சுருதி 256-க்குத் தாவியது, அதாவது மூன்று மடங்கு. நடுவில் 170 வரவே இல்லை. மூடிய குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்குகள்) மட்டுமே எழும் என்பதைக் காதால் கேட்பது தனி சந்தோஷம்.

பஞ்சுத் துண்டை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அடியில் போட்டால் சத்தம் குறைவதே இல்லை, ஏனென்றால் அங்கே காற்றுத் துகள்கள் அசைவதில்லை. பஞ்சு உராய்வால்தான் ஆற்றலை உறிஞ்சும். அசைவு அதிகமுள்ள வாய்ப்பக்கத்தில் தளர்வாகச் செருகியதும் ஊளை அடங்கியது.

மழையில் பஞ்சு ஊறும் என்பதால் மேலே ஒரு ரப்பர் மூடியும் போட்டுவிட்டேன்.