எஸ்டிஎல்2: ஒரு வெற்று அடைப்புக்குறி படுத்திய பாடு

கோடு எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் எஸ்டிஎல்2 (கேம், கிராஃபிக்ஸ் செய்ய உதவும் லைப்ரரி) போடுவது பத்து நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன். இன்க்ளூட், லிப் ஃபோல்டர்களின் பாதையைக் கொடுத்து, லிங்கர் (கோடையும் லைப்ரரியையும் இணைத்து எக்ஸிஇ ஆக்கும் கருவி) இன்புட்டில் எஸ்டிஎல்லின் இரண்டு லிப் ஃபைலையும் சேர்த்தாயிற்று. பில்ட் கொடுத்தால், 'எஸ்டிஎல் மெயின்' கிடைக்கவில்லை என்று லிங்கர் எரர் 2019. லிப் பாதையைச் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்கக் குடைந்தேன். கோளாறோ என் கோடில்! புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனை வெற்று அடைப்புக்குறியோடு எழுதியிருந்தேன். எஸ்டிஎல் ஹெடர் ஒரு மேக்ரோவால் (ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்றைப் போடும் கட்டளை) மெயினுக்கு 'எஸ்டிஎல் மெயின்' என்று பெயர் சூட்டிவிடுகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் அடைப்புக்குறிக்குள் ஆர்க்சி, ஆர்க்வி என்ற இரண்டு பாராமீட்டர்கள் இல்லாவிட்டால் லிங்கருக்கு அது வேறு ஃபங்ஷன். இரண்டையும் எழுதியதும் பில்ட் ஆனது. ஓடத்தான் இல்லை, ஓடும்போது தேவைப்படும் எஸ்டிஎல் லைப்ரரி ஃபைலான டிஎல்எல் காணோமாம். எக்ஸிஇ இருக்கும் ஃபோல்டரிலேயே அதைக் காப்பி செய்தேன் (64 பிட் பில்டுக்கு 64 பிட் டிஎல்எல்தான்). கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது.