உடலின் அளவிலிருந்து தொடங்கும் பணியிடம்: வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒரு வழிகாட்டி

பணியிடம் அமைக்க முற்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் மேசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு மேசையின் நிறத்துக்குப் பொருந்தும் நாற்காலியை வாங்குகிறார்கள். இரண்டும் வந்து சேர்ந்தபின், தங்கள் தோளையும் கழுத்தையும் அவற்றுக்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள். வலி தொடங்கியதும் இன்னும் விலை கூடிய நாற்காலியைத் தேடுவது அடுத்த கட்டம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்: உடலை அளந்து, அந்த அளவுக்கு நாற்காலியையும், நாற்காலிக்கு மேசையையும், மேசைக்குத் திரையையும், திரைக்கு வெளிச்சத்தையும் பொருத்த வேண்டும். வீட்டின் ஒரு மூலையானாலும் நூறு பேர் அமரும் அலுவலகமானாலும் வரிசை இதுதான்.

முதலில் மூன்று அளவுகள்

இதற்குத் தேவையானவை ஓர் அளவு நாடாவும் உதவிக்கு ஒருவரும் மட்டுமே. தட்டையான, கெட்டியான நாற்காலி ஒன்றில், வேலை நேரத்தில் அணியும் காலணியுடனோ அல்லது வெறுங்காலுடனோ, பாதம் முழுவதும் தரையில் படியுமாறு நிமிர்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம் முதல் அளவு. தோள்களைத் தளர்த்தி, மேற்கைகளை உடலை ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை ஏறத்தாழ செங்கோணத்தில் மடக்கினால், தரைக்கும் முழங்கையின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உயரம் இரண்டாவது அளவு. தரையிலிருந்து கண்மட்டம் மூன்றாவது. அளக்கப்படுபவரே நாடாவைப் பிடிக்கக் கூடாது. குனிந்தவுடன் முழங்கை உயரமும் கண்மட்டமும் மாறிவிடும்.

இவற்றில் மிக முக்கியமானது முழங்கை உயரம்தான். கடைகளில் கிடைக்கும் ஆயத்த மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ. உயரம் கொண்டவை. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் பாதங்கள் தரையில் பட உட்கார்ந்தால் அவருடைய முழங்கை தரையிலிருந்து சுமார் 62, 63 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே, அவருக்கு அந்த மேசை பத்து செ.மீ. அளவுக்கு அதிக உயரம். அந்த உயரத்தை எட்ட அவர் நாள் முழுவதும் தோள்களைத் தூக்கியே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. ஆயத்த மேசை ஏறத்தாழ 180 செ.மீ. அல்லது அதற்கு மேல் உயரமுள்ளவருக்கே சரியாகப் பொருந்துகிறது என்பதால், பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் தோள்வலிக்கு நாற்காலியைக் குற்றம் சொல்வது தவறான இடத்தில் தேடுவதாகும்.

மேசை உயரமாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு. மரக்கால்களாக இருந்தால் தச்சரிடம் கொடுத்து வேண்டிய அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம். இதுவே மலிவானது, நிரந்தரமானது. மேசைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் விசைப்பலகைத் தட்டைப் பொருத்தலாம், ஆனால் அது தொடையில் இடிக்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். மூன்றாவது வழி, முழங்கை மேசைப் பரப்புக்கு நேராக வரும்வரை நாற்காலியை உயர்த்தி, அதனால் அந்தரத்தில் தொங்கும் பாதங்களுக்கு அடியில் அதே அளவு உயரமுள்ள பலகை ஒன்றை வைப்பது. அந்தப் பலகை இரண்டு பாதங்களையும் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும்; ஒரே கோணத்தில் கால்களைச் சிறைப்படுத்தும் சிறிய சாய்வுப் பலகைகள் அவ்வளவு உதவுவதில்லை. மேசையின் நடுவில் இழுப்பறை இருந்தால் நாற்காலியை உயர்த்தியதும் தொடை அதில் முட்டும் என்பதை வாங்கும்போதே கவனித்துவிடுவது நல்லது.

நாற்காலியைச் சோதிக்கும் முறை

நல்ல நாற்காலி என்பதற்கு விலை அளவுகோல் அல்ல. சாய்மானத்தில் முதுகு முழுமையாகப் படிய உட்கார்ந்த பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழமானது. நீங்கள் தானாகவே முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாய்மானமும் அதன்பின் வீண்தான். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு உள்வளையும் இடத்தில் சாய்மானம் தாங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியையே பயன்படுத்துபவர்கள், ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி அந்த இடத்தில் வைத்துக் கட்டிக்கொண்டால், வாங்கும் முதுகுத் தலையணைக்கு ஈடான தாங்கல் கிடைக்கும்.

செங்கோணத்தில் விறைப்பாக உட்கார வேண்டும் என்ற பழைய அறிவுரையைக் கைவிடலாம். சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில் தொடங்கித் தன்னார்வலர்களின் கீழ்முதுகில், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் கூடுவதும், சாய்மானத்தில் பின்னால் சாயும்போது குறைவதும் அவருடைய அளவீடுகளில் தெரிந்தன. ஆகவே, சாய்மானம் இருக்கையோடு 100 முதல் 110 பாகைக் கோணத்தில் பின்னால் சரிந்திருப்பதே பெரும்பாலோருக்கு இதமானது. கைப்பிடிகளைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: அவை மேசைக்கு அடியில் நுழையாமல் உங்களை மேசையிலிருந்து தள்ளி உட்கார வைக்குமானால், திருகாணிகளைக் கழற்றி அவற்றை அகற்றிவிடுங்கள்.

திரை, விசைப்பலகை, மவுஸ்

மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒன்றாக இணைந்திருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கைகள் தூக்கிக்கொள்கின்றன. நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் வேலை செய்பவருக்குத் தனி விசைப்பலகையும் மவுஸும் ஆடம்பரமல்ல. மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்தால் போதும். அதற்கென்று தாங்கி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். திரை பெரிதாக இருந்தால் இன்னும் இறக்கலாம். தூரம் ஒரு கை நீளம், அதாவது சுமார் 50 முதல் 75 செ.மீ. எழுத்து தெரியவில்லை என்றால் திரையை நெருங்காமல் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இருகுவியக் (பைஃபோகல்) கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பதற்காகத் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். அவர்களுக்குத் திரை வழக்கத்தைவிடப் பல செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது திரைத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வேண்டும். இரண்டு திரைகள் வைத்திருப்பவர், அதிகம் பார்க்கும் திரையை நேர் எதிரே வைக்க வேண்டும். இரண்டையும் சமமாகப் பயன்படுத்தினால் மட்டுமே இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வரலாம்.

விசைப்பலகையின் அடியில் இரண்டு சிறிய மடக்குக் கால்கள் இருக்கும். ஏறத்தாழ எல்லோரும் அவற்றை விரித்து வைக்கிறார்கள். ஏறத்தாழ எல்லோரும் மடக்கி வைக்க வேண்டும். பலகையின் பின்பக்கம் உயர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும், அந்த வளைவுதான் நாளடைவில் வலியாகிறது. விசைப்பலகையை மேசையின் நடுவில் வைப்பதும் சரியல்ல: பொட்டு போன்ற மேடு கொண்ட எஃப், ஜே ஆகிய இரு விசைகளுக்கும் நடுப்புள்ளி உங்கள் தொப்புளுக்கு நேராக வர வேண்டும். வலப்பக்கம் எண் விசைகள் கொண்ட அகலமான பலகையாக இருந்தால், மவுஸ் வெகுதூரம் தள்ளிப்போய், வலத்தோள் நாள் முழுவதும் வெளிப்பக்கம் விரிந்தே நிற்கும். எண்களை அதிகம் உள்ளிடாதவர்களுக்கு அந்தப் பகுதி இல்லாத குறுகிய பலகையே மேல். மணிக்கட்டுக்கென்று விற்கும் மெத்தை, தட்டச்சின் இடையே ஓய்வு கொடுக்கும்போது கை வைப்பதற்கு மட்டுமே. அதில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு தட்டச்சு செய்யக் கூடாது.

வெளிச்சமும் காற்றும்

ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் அதன் ஒளி திரையில் பிரதிபலிக்கும். எதிரே இருந்தால் கண் கூசும். திரையின் பரப்பு ஜன்னலுக்குச் செங்குத்தாக, அதாவது ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடுவதே சரி. இதைச் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். திரையை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நிலையிலேயே அந்தக் கறுப்புப் பரப்பைப் பாருங்கள். அதில் விளக்கோ ஜன்னலோ தெரிந்தால், எதை நகர்த்த வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும். பிறகு திரையை இயக்கி, வெயிலுக்கு மறைப்பதுபோல நெற்றியில் கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு உடனே இதமாக இருந்தால், தலைக்கு மேலிருந்து ஏதோ ஒரு விளக்கு கூசச் செய்கிறது என்று பொருள். கடைசியாக, வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையருகே பிடியுங்கள்: தாளைவிடத் திரை விளக்குபோல ஒளிர்ந்தால் அதன் பிரகாசத்தைக் குறையுங்கள், மங்கலாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

அலுவலக எழுத்துப் பணிக்கு மேசைப் பரப்பில் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை கூறுகிறது. வீட்டு அறைகளின் கூரை விளக்கு மட்டும் பெரும்பாலும் இதை எட்டாது. எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மேசை விளக்கை வைத்தால் குறையும் தீரும், தாளில் கையின் நிழலும் விழாது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால் கண் உலர்கிறது, அருகிலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் களைத்தும் போகிறது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, சுமார் ஆறு மீட்டர் தொலைவிலுள்ள எதையேனும் இருபது விநாடிகள் பார்க்கச் சொல்வது அதனால்தான். சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி மேசை போட்டவருக்கு நிமிர்ந்தால் அரை மீட்டரில் சுவர்தான் தெரியும் என்பதால், நிமிர்ந்தவுடன் பார்வை தொலைவுக்குச் செல்லும் திசையில் மேசையைப் போடுங்கள்.

வெளிக்காற்றில் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. மூடிய அறையில் சிலர் அமர்ந்து பேசினாலே அது ஆயிரத்தைத் தாண்டிவிடும், அந்த அளவு காற்றோட்டம் போதவில்லை என்பதற்கான அடையாளம். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜன்னலையும் கதவையும் சில நிமிடங்கள் திறந்து வைப்பதே எளிய தீர்வு. லேசர் அச்சுப்பொறி இயங்கும்போது மிக நுண்ணிய துகள்களை வெளியிடும் என்பதால், அதை இருக்கைக்கு அருகே வைக்காமல் காற்றோட்டமுள்ள தனி இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே எழுந்து நடக்க வேண்டியிருப்பது கூடுதல் நன்மை.

அலுவலகத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

ராபர்ட் ப்ரோப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1968இல் வெளியான நகர்த்தத்தக்க தடுப்பு அமைப்பின் நோக்கம், ஊழியருக்கு இடமும் அசைவும் தருவதே. அதே தடுப்புகளை நெருக்கி அடுக்கித்தான் பின்னாளில் சிறு கூண்டுகள் உருவாயின. தடுப்பே இல்லாத திறந்த அலுவலகம் அதற்கு மாற்றாகக் கருதப்பட்டது. ஆனால், 2018இல் ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு நிறுவனத் தலைமையகங்களில் நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோர் பார்வையிலும் இருப்பவர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒதுங்குகிறார். கவனத்தைக் கலைப்பது பொதுவான இரைச்சலைவிட, சொல் சொல்லாகப் புரியும் பக்கத்துப் பேச்சுதான். ஆகவே தொலைபேசியில் அதிகம் பேசும் குழுவை அமைதி தேவைப்படும் குழுவிலிருந்து தள்ளி அமர்த்துவதும், கதவு மூடக்கூடிய சில சிற்றறைகளை ஒதுக்குவதும் எந்த அலங்காரச் செலவையும்விடப் பயனுள்ளவை.

நிரந்தர இருக்கை இல்லாத அலுவலகங்களில், நாற்காலியின் நெம்புகோல்களை யாரும் தொடுவதில்லை. முந்தையவரின் உடலுக்கேற்ற அமைப்பிலேயே அடுத்தவர் உட்கார்ந்துவிடுகிறார். எந்த நெம்புகோல் எதற்கு என்று எழுதிய சிறு அட்டையை நாற்காலியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். உயரம் மாற்றும் மேசை வாங்குவதாக இருந்தால், அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதைவிட எவ்வளவு தாழ இறங்கும் என்று கேளுங்கள். பல மேசைகள் 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை, குட்டையானவர் உட்கார்ந்து வேலை செய்ய அது போதாது. நாள் முழுவதும் நிற்பதும் கால் சிரைகளின் (இரத்தக்குழாய்களின்) வீக்கத்துக்கும் முதுகுவலிக்கும் வழிவகுக்கும் என்பதால், அரை மணிக்கொரு முறை நிலையை மாற்றுவதற்கே அந்த மேசை. நடைபாதைகள் குறைந்தது 90 செ.மீ. அகலம் இருந்தால் சக்கர நாற்காலியும் செல்லும்.

வீட்டில் தனிச் சிக்கல் மின்கம்பிகள். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்றைச் செருகாதீர்கள். பெட்டியைத் தரையில் விடாமல் மேசையின் அடியில் பொருத்தினால், கால் இடறாது, துடைக்கும் தண்ணீரும் படாது.

எல்லாம் அமைந்து ஒரு வாரம் ஆனபின், எங்கே வலிக்கிறது என்பதைக் கவனித்து மறுபடியும் திருத்துங்கள். தோளின் மேற்புறம் இறுகினால் மேசையோ கைப்பிடியோ உயரம். பிடரி வலித்தால் திரை தாழ்வு, அல்லது கண்ணாடி பொருந்தவில்லை. கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் வலித்தால் இரண்டாவது திரையைச் சந்தேகியுங்கள். தொடையின் அடிப்பகுதி மரத்துப்போனால் நாற்காலி உயரம், அல்லது காலுக்குப் பலகை வேண்டும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், அது மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், மேசையைத் திருத்துவதோடு நிற்காமல் மருத்துவரையும் பாருங்கள்.