“எஞ்சின் போயிட்டுது” என்று சொல்ல முன்

கடந்த மாரி மழைக்குள் என் மச்சான் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்துகொண்டிருந்தார். வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த ஓர் இடத்தில், முன்னால் போன உழவு இயந்திரத்தை நம்பித் தானும் இறங்கிவிட்டார். நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றது. தள்ளிக் கரையேற்றிக் கிக்கரை மிதித்தால் கால் இறங்கவில்லை. உதவிக்கு வந்தவர் தன் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தார். உள்ளே “டக்” என்று ஒரு சத்தம். எப்படியோ ஸ்ரார்ட் ஆகி வீடு வந்துவிட்டது. இரண்டு நாளில் எஞ்சினின் அடியில் தட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, பிஸ்ரனைக் கிராங்கோடு (எஞ்சினுக்குள் சுழலும் தண்டோடு) இணைக்கும் கனெக்ரிங் ரொட் வளைந்திருந்தது, பெயரிங்கும் போயிருந்தது.

ரொட் வெள்ளத்துக்குள்ளேயே வளைந்ததா, மிதித்தபோது வளைந்ததா என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் கிக்கர் இறங்காத அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியிருந்தால், உள்ளே நின்ற தண்ணீர் பிளக் ஓட்டையால் பீறிட்டு வந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்ரனுக்கு மேலே தண்ணீர் நிற்கும்போது பலத்தைக் கொடுத்தால் எது பலவீனமோ அது வளையும், அல்லது கிக்கரின் பல் உடையும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒரு தடவைகூட ஸ்ரார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. பிளக்கைக் கழற்றுங்கள், மெதுவாகக் கிக்கரைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், எயார் பில்ரரையும் கார்பரேற்றரையும் காய வையுங்கள், ஒயிலை மாற்றுங்கள். பிறகுதான் சாவி.

வன்னியில் மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியும் தூரம், வயலும் தூரம். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் திறக்கும்வரை இருந்ததை வைத்தே ஓட்டினோம். பத்து, பதினைந்து வருசம் ஓடிய எஞ்சின்கள் இன்றும் ஊரில் நிறைய உண்டு. அதனால் ஒரு பிழையான கணிப்பு வீட்டுச் செலவையே அசைத்துவிடும். அந்தப் பிழை இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒன்றுமில்லாததற்கு எஞ்சினைப் பிரிக்கிறோம். உண்மையிலேயே உடைந்துகொண்டிருக்கும் எஞ்சினை “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று ஓட்டுகிறோம்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. கிரவல் வீதியில் நாளாந்தம் ஓடும் வண்டியில் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் நட்டுகள் இளகும். அப்போது வரும் அதிர்வும் தட்டலும் கிராங் போனதுபோலவே இருக்கும். செயின் தொய்ந்து கவரில் அடிப்பதும், சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் வாசர் எரிந்து காற்றுக் கசிவதும் அப்படித்தான். காற்றுக் கசிவின் “டிக் டிக்” வால்வுச் சத்தத்தோடு அச்சாக ஒத்துப்போகும். முதலில் ஒரு ஸ்பானரை எடுத்து வெளியே உள்ளதை எல்லாம் இறுக்கிப் பாருங்கள். காசு போகாத வேலை இது.

அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். ஹெட், சிலிண்டர், அடிப்பாகம், கிளச் கவர் என்று ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். செயினுக்கும் சில்லுக்கும் கிட்ட மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஹெட்டில் மெல்லிய டிக் டிக் என்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கமாகக் கலகலத்தால் ரைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனரும். கிளச்சை அழுத்தியவுடன் சத்தம் மாறினால் கிளச் பக்கம். எஞ்சின் குளிராக இருக்கும்போது தட்டி, சூடாக அடங்கினால் பெரும்பாலும் பிஸ்ரன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. அது ஒரேயடியாக உடையாது, யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் அடிப்பாகத்திலிருந்து கனமாக “டொக் டொக்” என்று வந்து, அக்சிலேற்றரைக் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், அது ரொட்டின் கீழ்ப் பெயரிங். அந்த இடத்திலேயே நிற்பாட்டிவிட்டு ஒரு லான்ட்மாஸ்ரரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை) கூப்பிடுங்கள். பரந்தன் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டால், ரொட் முறிந்து எஞ்சினின் வெளிக்கோதையே (கூட்டையே) உடைக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை: சத்தமே இல்லாத வால்வு நல்ல வால்வு. அப்படியில்லை. பல 100, 125 சிசி எஞ்சின்களுக்கு வால்வு இடைவெளி ஏறத்தாழ 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கைநூலில் இருக்கும். அந்த இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் சூடானதும் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) கசியும், வண்டி இழுக்காது, கோயிலடியில் நிற்பாட்டித் திரும்ப எடுக்கும்போது ஸ்ரார்ட் ஆகாது. இதைப் பார்த்து “ரிங்ஸ் (பிஸ்ரன் வளையங்கள்) போயிட்டுது” என்று எத்தனை எஞ்சின்களைப் பிரித்திருக்கிறார்கள்! எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு எழுந்தால் முதலில் வால்வு அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கொம்பிரசன் பார்க்கும்போதும் ஒரு பிழை நடக்கிறது. அக்சிலேற்றரை முழுதாகத் திறக்காமல் கிக் பண்ணினால் காற்று உள்ளே போகாது, மீற்றர் குறைவாகத்தான் காட்டும். முழுதாகத் திறந்து பல தடவை கிக் பண்ணுங்கள். குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங்ஸ் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் வாசர். ஒரு தேக்கரண்டி ஒயில் சொல்லும் இந்தச் சேதியைக் கேட்காமல் சிலிண்டரைக் கழற்றுவது எனக்குத் தாங்க முடியாத விசயம்.

அப்புறம், வடித்த ஒயிலைப் பார்க்காமலே ஊற்றிவிடுவது. அதை ஒரு வெள்ளைப் பேசினில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை, ஒயிலின் வேலையே அழுக்கைச் சுமப்பது. பேசினை மெல்லச் சரிக்கும்போது அடியில் மினுமினுப்பு ஓடுகிறதா என்று கவனியுங்கள். மா போன்ற மிக மெல்லிய மினுக்கம் புது எஞ்சினிலும் இருக்கும். நகத்தில் ஒட்டும் செதில்கள் வந்தால் கதை வேறு. ஒரு காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி ஒயிலுக்குள் விடுங்கள். ஒட்டினால் இரும்பு: பெயரிங், கியர், செயின் பக்கம். ஒட்டாத வெள்ளைச் செதில் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்ரன். கபில நிறத்தில் மென்மையான துகள் என்றால் கிளச் பிளேட்.

ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் “ஹெட் வாசர் போயிட்டுது, தண்ணீர் கலந்திட்டுது” என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. அது ரேடியேற்றர் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். எங்கள் ஊரில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை காற்றில் குளிரும் எஞ்சின்கள். உள்ளே கலக்கத் தண்ணீரே கிடையாது. அப்படியென்றால் அது வெளியிலிருந்து வந்தது: வெள்ளம், அல்லது எஞ்சின் சூடாக முன்னே நிற்பாட்டும் சின்னச் சின்ன ஓட்டங்களில் உள்ளே தங்கும் ஈரம். ஒயிலை மாற்றி ஓட்டி, திரும்பவும் மாற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஒயில் மட்டம் தானாகக் கூடியிருந்தால் முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் கார்பரேற்றர் ஊசி மூடாமல் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. நீர்த்த ஒயிலில் ஓட்டினால் பெயரிங் தேயும். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும்: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மட்டம் பார்க்கும்போது வண்டியைச் சைட் ஸ்ராண்டில் சரித்து வைக்க வேண்டாம், நேராக நிறுத்துங்கள்.

புகை பற்றிச் சுருக்கமாக. கறுப்புப் புகை பெற்றோல் கூடிப்போனதற்கு, எயார் பில்ரர் அடைத்ததற்கு. எஞ்சின் உடைந்ததற்கு அல்ல. விடியப்புறத்து வெள்ளைப் புகை ஈரம். நீலம்தான் ஒயில் எரிவது. அதிலும் காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் வந்து அடங்கினால் வால்வு சீல். ஓடும்போது அக்சிலேற்றரைக் கொடுக்கக் கொடுக்க வந்தால் ரிங்ஸ், போர். சீலுக்குப் போகும் காசும் போருக்குப் போகும் காசும் ஒன்றல்ல.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி போகவில்லை என்றால் அது கிளச் வழுக்குவதாக இருக்கலாம். கார் ஒயிலை விட்ட வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன். போத்தலில் “ஜாசோ எம்ஏ” (மோட்டார் சைக்கிள் கிளச்சுக்குப் பொருந்தும் ஒயிலின் தரக்குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓடும்போதே எஞ்சின் இறுகி நின்றால் உடனே கிளச்சைப் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள், சூட்டில் இருக்கும் உலோகம் கோணும் அல்லது வெடிக்கும். ஆறிய பிறகு இளகிவிட்டது என்று ஓட்டவும் வேண்டாம். பிஸ்ரன் ஏற்கெனவே உரசிக் காயப்பட்டிருக்கும்.

கடைசியில் பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஏன் போனது என்று தெரியாமல் புதுப் பிஸ்ரன் போடுவது மிகப் பெரிய தவறு. எங்கள் பக்கத்தில் பாதிக் காரணம் புழுதி. எயார் பில்ரரிலிருந்து கார்பரேற்றருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பும் உள்ளே செம்மண் கோடும் தெரிந்தால், அதை மாற்றாமல் எத்தனை பிஸ்ரன் போட்டாலும் தேயும். அடுத்தது ஒயில் பம்ப், ஒயில் வலை, ஒயில் போகும் ஓட்டைகள். பழைய உலோகத்தூள் அதற்குள் இருந்தால் புதுப் பெயரிங்குக்குத்தான் போய்ச் சேரும். லேத்துக்குக் கொடுக்க முன் போரை அளந்து, 0.25 மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் போதுமா 0.50 வேண்டுமா என்று பார்த்தபின் வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என் மச்சானின் வளைந்த ரொட் இப்போதும் எங்கள் கொட்டிலில் தொங்குகிறது. மாரி தொடங்க முன் தம்பிமாரைக் கூப்பிட்டு அதைக் காட்டுகிறேன்.