வெல்டிங் குறைகள்: எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைத் தேய்த்துவிட்டுப் போகலாம்

வரி வரியாகச் சீராக விழுந்த பீட், அதாவது உருகி உறைந்த வெல்ட் வரி, வெல்டரின் கை நிதானத்தைக் காட்டும். ஆனால் அடியில் இரும்பும் இரும்பும் உருகிக் கலந்தனவா என்பதை அது காட்டாது. அதனால்தான் மேற்பூச்சைப் பார்த்து மட்டும் ஒரு வெல்டை ஏற்றுக்கொள்வது ஆபத்தான பழக்கம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும் குறைகள் பெரும்பாலும் கிரைண்டரில் போய்விடுகின்றன. கண்ணில் படாமல் உள்ளே தங்குபவையே பாரம் ஏறும்போது பிளக்கின்றன. மைல்டு ஸ்டீலில், அதாவது கார்பன் குறைந்த சாதாரண இரும்பில், ராடு எனப்படும் பூச்சுக் கம்பியைப் பிடித்து மின்பொறியின் சூட்டில் செய்யும் ஆர்க் வெல்டிங்கை முதன்மையாக வைத்து, குறைகளை ஒவ்வொன்றாக, அவை எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதோடு இங்கே எடுத்துக்கொள்வோம்.

உருகிச் சேராமை

ராடிலிருந்து இறங்கிய உலோகம் பிளேட்டின் மேல் படிந்துவிடுகிறது. ஆனால் பிளேட்டின் தோலே உருகவில்லை. இந்த நிலையில் இரண்டும் ஒட்டியிருப்பதாகத் தோன்றுமே தவிர, உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு முதல் காரணம் ஆம்பியர் குறைவு. 10 கேஜ் எனப்படும் 3.15 மி.மீ. ராடுக்கு, 6013 என்னும் சாதாரண வகையில், பொதுவாக 90 முதல் 130 ஆம்பியர் வரையும், 12 கேஜ் எனப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 வரையும் வேண்டும். ராடு பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவே இறுதியானது. இருப்பினும் மெஷினின் முள் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. லைனில் வோல்டேஜ் இறங்கியிருக்கும்போதும், கேபிள் நீளமாகச் சுருண்டு கிடக்கும்போதும், எர்த் கிளாம்ப் துருவின் மேல் கவ்வியிருக்கும்போதும் வேலையிடத்துக்கு வந்து சேரும் கரன்ட் அந்த எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது காரணம் விளிம்பு தயாரிப்பு. ஏறத்தாழ 6 மி.மீ.க்கு மேல் கனமுள்ள பிளேட்டுகளை நேருக்கு நேர் முட்டவைத்து வெறுமனே மேலே ஓட்டினால், வெல்ட் மேல் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும். அடியில் கோடு அப்படியே நிற்கும். அத்தகைய பிளேட்டுகளுக்கு இரு பக்கமும் சாய்வாகத் தேய்த்து, மொத்தம் 60 டிகிரி அளவில் வி வடிவம் எடுத்து, அடியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு டேக் (தற்காலிகப் பிடிப்புப் பொட்டு) வைக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் டேக் வைத்துவிட்டு, ரூட் (ஜாயின்ட்டின் அடிப்பகுதி) ஏறவில்லை என்று ராடைக் குறை சொல்வதில் பயனில்லை.

இந்தக் குறையைத் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேலைக்கு எடுத்த அதே பிளேட்டிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்து, முழுதும் ஆறிய பின் வைஸில் கவ்வி, வெல்ட் இல்லாத பக்கத்தை நோக்கிச் செங்குத்துத் துண்டு சாயாமல், வெல்ட் உள்ள பக்கத்தின் மேல் மடியும்படி பெரிய சுத்தியலால் அடிக்க வேண்டும். அப்போது ரூட் திறந்துகொண்டு உடையும். உடைந்த முகம் முழுதும் சாம்பல் நிறத்தில் மணி மணியாக இருந்தால் சேர்க்கை நன்று. மூலையில் பிளேட்டின் பழைய வெட்டு விளிம்பு, கிரைண்டர் கீறல்களோடு கலையாமல் தெரிந்தால் அந்த இடம் உருகவே இல்லை. கண்ணாடி போன்ற கருந்துண்டுகள் தெரிந்தால் அவை சிக்கிய ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு. ஊசி குத்தியதுபோன்ற ஓட்டைகள் தெரிந்தால் அவை வாயுத் துளைகள். புது ராடு, புது மெஷின், புது ஆள் என எது மாறினாலும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு வேலையைத் தொடங்குவது, பின்னால் வரும் பல தகராறுகளைத் தவிர்க்கும்.

ஸ்லாக் சிக்குதல்

ஸ்லாக் உலோகத்தைவிட இலேசானது. உருகிய குளத்தின் மேலே மிதந்து பின்னால் ஒதுங்க வேண்டியது. ராடை நிமிர்த்திப் பிடிப்பதாலோ, மெதுவாக ஓட்டுவதாலோ, கரன்ட் குறைவதாலோ அது ஆர்க்குக்கு முன்னால் ஓடிவந்துவிட்டால், அதன் மேலேயே உலோகம் விழுந்து அதை மூடிவிடுகிறது. ராடைச் செல்லும் திசையில் 10 முதல் 20 டிகிரி வரை சாய்த்துப் பிடித்து ஆர்க்கைக் குறுகலாக வைத்தால், ஆர்க்கின் விசையே ஸ்லாக்கைப் பின்னுக்குத் தள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பாஸ் (பீட் அடுக்கு) போடும் வேலையில், முந்தைய பீடின் இரு ஓரங்களிலும் இருக்கும் குறுகிய பள்ளத்தில்தான் ஸ்லாக் ஒளிந்துகொள்ளும். சிப்பிங் சுத்தியலால் தட்டியது போதாது, வயர் பிரஷ் அல்லது கிரைண்டர் அந்த ஓரம்வரை போக வேண்டும். அடுத்த பாஸ் அதை உருக்கி வெளியே கொண்டுவந்துவிடும் என்று நம்பும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

வாயுத் துளைகள்

உருகிய உலோகத்தில் கரைந்த வாயு, உலோகம் உறையும் முன் வெளியேற முடியாமல் குமிழாக மாட்டிக்கொள்வதே போரோசிட்டி. எண்ணெய், பெயின்ட், துரு, ஈரம் ஆகியவையே வாயுவின் பிறப்பிடங்கள்; ஆகவே ஜாயின்ட்டின் இரு பக்கமும் ஓர் அங்குலம் வரை பளபளப்பாகத் தேய்த்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பில் இது தனிக் கதை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்போ ஏறத்தாழ 1,500 டிகிரியில்தான் உருகும். பூச்சை அகற்றாமல் வெல்ட் செய்தால் துளைகள் விழுவதோடு, வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம்.

பீடின் தொடக்கத்தில் மட்டும் துளைகள் கொத்தாக வந்தால், குறிப்பாக ஈரம் குறைந்த பூச்சுள்ள 7018 வகை ராடில், ஆர்க் நிலைபெறும் முன்பே உலோகம் விழுந்திருக்கிறது என்று பொருள். தொடங்க வேண்டிய இடத்திலிருந்து 10 மி.மீ. முன்னால் ஆர்க்கை எழுப்பி, பின்னுக்கு வந்து, பிறகு முன்னோக்கி ஓட்டினால் அந்தத் தொடக்கம் மீண்டும் உருகிச் சீராகும். ராடுக்குப் பதில் தொடர்ந்து ஓடிவரும் கம்பியும் பாதுகாப்பு வாயுவும் கொண்டு செய்யும் மிக் வெல்டிங்கிலோ காற்றுதான் முக்கியக் காரணம். மின்விசிறி ஒன்று பக்கவாட்டில் ஓடினாலே பாதுகாப்பு வாயு கலைந்துவிடும். அதை ஈடுகட்ட வாயு அளவை அளவுக்கு மீறித் திறந்துவிடுவதும் தவறே. வேகமாகப் பாயும் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அண்டர்கட், தெறிப்பு, வளைவு

பீடின் ஓரத்தில் பிளேட் அரிக்கப்பட்டு வாய்க்கால் போல் நிற்பது அண்டர்கட். கரன்ட் அதிகம், ஆர்க் நீளம், வேகம் அதிகம் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். கையை வீசி ஓட்டும்போது ஓரத்தில் ஒரு கணம் நிற்காமல் திரும்புவதும் இதைத் தரும். ஜன்னல் கிரிலில் இதை மன்னிக்கலாம். அதிர்வு தாங்கும் இடத்தில் மன்னிக்கக் கூடாது, ஏனெனில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பாரத்தால் உண்டாகும் களைப்பு விரிசல்கள் இத்தகைய வரிப்பள்ளங்களிலிருந்தே கிளம்புகின்றன. தெறிப்புத் துளிகள் பெரும்பாலும் பார்வைக் குறைதான். வளைவைத் தவிர்க்க, நீளமாக ஒரே மூச்சில் ஓட்டாமல் இருபக்கமும் மாறி மாறித் துண்டு துண்டாகப் போட்டு, தேவைக்குமேல் தடிமனான வெல்டையும் தவிர்க்க வேண்டும்.

விரிசல்

மற்ற குறைகளுக்கு இவ்வளவுவரை அனுமதி என்று விதிநூல்கள் ஓர் எல்லை வகுக்கின்றன. விரிசலுக்கு அத்தகைய எல்லை கிடையாது. பீடை முடிக்கும்போது ராடை வெடுக்கென்று எடுப்பதால் அந்த முனையில் உண்டாகும் குழியில் நட்சத்திரம்போல் விழும் விரிசல் எளியது: முடிவில் ஒரு கணம் நின்று, சற்றுப் பின்னுக்கு வந்து குழியை நிரப்பிவிட்டால் அது வராது.

அதைவிடக் கடினமானது, வெல்ட் ஆறிய பல மணி நேரத்துக்குப் பின், சில சமயம் இரண்டு நாள் கழித்துத் தோன்றும் குளிர் விரிசல். ராடின் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன், விரைவாக ஆறிக் கடினமான இரும்பு, இறுக்கப்பட்ட ஜாயின்ட்டின் இழுவிசை ஆகிய மூன்றும் ஒன்றுகூடும்போது, வெல்டுக்குப் பக்கத்திலுள்ள பிளேட்டில் அது கிளம்புகிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டையைச் சாதாரண 6013 ராடால் ஒட்டி, மறுநாள் வெல்டை ஒட்டியே அது முறிந்துபோவதைப் பார்த்தவர்கள் பலர். பட்டையின் கார்பன் அளவு மைல்டு ஸ்டீலைவிடப் பல மடங்கு அதிகம் என்பதே காரணம். கார்பன் மிகுந்த இரும்பை வெல்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி, ராடு உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுத்த 7018 ராடைப் பயன்படுத்தி, முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். பட்டை போன்ற கடினப்படுத்தப்பட்ட பாகங்களுக்கு அதுவும் போதாது. சூடு அவற்றின் பதத்தையே கெடுத்துவிடும் என்பதால் புதிதாக வாங்கி மாற்றுவதே சரி.

ஈரம் ஏறிய 7018 ராடை 300 முதல் 350 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்து எடுத்து, பின் 120 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருப்பது வழக்கம். வெயிலில் காயவைப்பது இதற்கு ஈடாகாது. 6013 ராடுக்கு இத்தனை சூடு கொடுக்கக் கூடாது. அதன் பூச்சுக்குச் சிறிது ஈரம் தேவை.

சிறிய வெல்ட் என்று அலட்சியம் காட்டுவோருக்கு நினைவூட்டத்தக்கது, 1980 மார்ச் 27 அன்று வட கடலில் கவிழ்ந்து 123 பேரைப் பலிகொண்ட அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் எண்ணெய்த் துறை மிதவை மேடை. அதன் தாங்குகுழாய் ஒன்றில் நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன் கருவியைப் பொருத்துவதற்காகப் போட்டிருந்த 6 மி.மீ. ஃபில்லட் (மூலை) வெல்டிலிருந்து களைப்பு விரிசல் வளர்ந்து, அந்தக் குழாய் முறிந்து, மேடையின் ஒரு காலே கழன்றுபோனது. அந்த விரிசலின் முகத்தில் பெயின்ட் இருந்ததால், மேடையைக் கட்டும்போதே வெல்டில் விரிசல் இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. பாரம் தாங்கும் பாகத்தின் மேல் போடும் வெல்ட், தான் பாரம் தாங்காவிட்டாலும் முக்கியமானதே.

விரிசலைத் தேட, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பவுடரும் கொண்ட ஸ்பிரே செட் கடைகளில் கிடைக்கிறது. சுத்தம் செய்த வெல்டில் சாயத்தை அடித்து, ஏறத்தாழ 10 நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, பவுடரை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். குளிர் விரிசலுக்கு வாய்ப்புள்ள வேலையில் இந்தச் சோதனையை 48 மணி நேரம் கழித்தே செய்ய வேண்டும். கோடு தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு பீட் ஓட்டி மறைக்கக் கூடாது. கீழேயுள்ள விரிசல் புது உலோகத்துக்குள்ளும் ஏறிவரும். விரிசலின் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் ஒவ்வொரு துளை போட்டு அது நீளாமல் தடுத்து, முழுதும் கிரைண்டரில் எடுத்து, பள்ளத்தின் அடியில் மறுபடி சாயம் அடித்துப் பார்த்து, சிவப்பு எழும்பவில்லை என்றான பிறகே உலர்ந்த ராடால் நிரப்பத் தொடங்க வேண்டும்.