அறுபது தாண்டியவர்களின் மூளைக்கு நடை: ஏழு வாரத்தில் 40 நிமிடத்துக்கு வருவது எப்படி?

"தினம் வயலுக்குப் போய்ட்டுத்தானே வர்றேன், தனியா நடை எதுக்கு?" டெல்டா வீடுகளில் அப்பாக்கள் சொல்லும் பதில் இது. நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போன பிறகு, வயலுக்குப் போவது பலருக்கு வண்டியில் போய் மடை பார்த்துத் திரும்புவதுதான். அதில் மூச்சு ஏறுவதில்லை. மூளைக்கு வேண்டியது மூச்சு சற்று ஏறும் நடை.

2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. நடந்தால் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரவே வராது என்று இதற்குப் பொருளில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இடம். வரப்பும் வாய்க்கால் கரையும் வேண்டாம். மழைக்குப் பின் வழுக்கும், இருட்டினால் பாம்பு. சிமென்ட் தெரு போதும். கோயில் பிராகாரம் நல்ல இடம்தான், ஆனால் வெயில் ஏறினால் கல் சுடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அங்கே வெறுங்காலில் நடக்கவே கூடாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. அவர்கள் ஷூ போட்டுத் தெருவில் நடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடத்திலேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கி வைத்து நடக்கலாம்.

நேரம். முதல் வாரம் 10 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஏழாம் வாரம் 40 வரும். அதன்பின் வாரம் நான்கு நாள் நடந்தாலே 160 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் 150. முதல் நாளே அரை மணி நடந்து, முழங்கால் வலித்து, மறுவாரம் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வாயில் போட, பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

கால் பலம். நடை மட்டும் போதாது. விழுந்து தலையில் அடிபடுவதும் மூளைக்குக் கேடு. சுவரை ஒட்டி மர நாற்காலி போடுங்கள். கைகளை மார்பில் கட்டி, மூச்சை விட்டபடி எழுந்து, மெதுவாக உட்காருங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்கு வாருங்கள், வாரம் மூன்று நாள். வேறு இருக்கை வேண்டாம்: ஈஸி சேரும் கயிற்றுக் கட்டிலும் உள்வாங்கும்; தாழ்ந்த திண்ணை முழங்காலை வாட்டும். முடிந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு கால் குதிகாலுக்குப் பின்னால் மறு கால் விரல் படும்படி 10 விநாடி நில்லுங்கள்.

தலைக்கும் வேலை. நடை பழகியதும், நடந்துகொண்டே மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரை ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்: குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர். பிறகு திருப்பிச் சொல்லட்டும். பேச வேண்டியபோதெல்லாம் நடை நின்றுபோனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, நாற்காலிப் பயிற்சியைத் தொடருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மறதி தொடங்கியவர்களுக்கும் நடை உண்டு. தினமும் ஒரே வழி, ஒரே நேரம், கூட ஒருவர். வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். சட்டை மாற்றும்போது சீட்டும் மாறுகிறதா என்று பாருங்கள்.